பட்டப்பகலில் ஏன் விளக்கு?

பகல் நேரத்தில் முன்விளக்கு எரிய ஒரு மோட்டார் சைக்கிள் எதிரே வந்தால், விரல்களைக் குவித்து விரித்துச் சைகை காட்டுவது நம் ஊர் வழக்கம். ‘லைட் எரிகிறது, அணையுங்கள்’ என்று பொருள். இன்று அந்தச் சைகையால் பயனில்லை. 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிதாக வரும் இரு சக்கர வாகனங்களில், எஞ்சின் ஓடும்வரை முன்விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். அணைப்பதற்குச் சுவிட்சு கிடையாது. புதிய கார்கள் பலவற்றிலும் முன்விளக்கின் ஓரத்தில், புருவம் தீட்டியது போல் ஒரு வெள்ளைக் கோடு பகலெல்லாம் ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக வைத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். சூரியனுக்கு முன்னால் இந்தச் சின்ன விளக்கு எம்மாத்திரம் என்று கேட்பவர்களும் உண்டு.

விளக்கை நாம் இரண்டு காரியங்களுக்கு ஏற்றுகிறோம். ஒன்று, நாம் பார்ப்பதற்கு. மற்றொன்று, பிறர் நம்மைப் பார்ப்பதற்கு. மேசை விளக்கு முதல் வகை. கலங்கரை விளக்கம் இரண்டாம் வகை. காரின் பகல் விளக்கு கலங்கரை விளக்கத்தின் இனம். அது சாலைக்கு வெளிச்சம் தருவதற்காக வைத்ததன்று. இரவில் நாம் தாழ்த்திப் போடும் முன்விளக்கு இதற்கு நேர்மாறானது. எதிரே வருபவர் கண் கூசாதபடி அதன் ஒளியைத் தரைப்பக்கம் சாய்த்து அமைத்திருக்கிறார்கள். பகலில் அதைப் போட்டால், ஏற்கனவே சூரியன் ஒளியூட்டும் தாரின் மேல்தான் பெரும்பகுதி ஒளி வீணாக விழும். பகல் விளக்கோ தன் ஒளியை நேராக எதிராளியின் கண்ணுக்கே அனுப்புகிறது.

எவ்வளவு ஒளி? ஐக்கிய நாடுகளின் வாகன விதி எண் 87-இன்படி, ஒரு பகல் விளக்கின் ஒளிச்செறிவு 400 முதல் 1200 காண்டெலா வரை இருக்கவேண்டும். 800 காண்டெலா தரும் ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்க. அப்படியானால் அதன் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 1,60,000 காண்டெலா. உச்சி வெயிலில் கிடக்கும் வெள்ளைக் காகிதத்தின் ஒளிர்வு சுமார் 25,000 தான். கண்ணைப் பறிக்கும் அந்தக் காகிதத்தைவிட இந்த விளக்கு ஆறு மடங்குக்கும் மேல் பளிச்சிடுகிறது! சூரியனோடு அது போட்டியிடவில்லை; சூரிய ஒளி பட்டுத் தெரியும் சாலையோடும் மரத்தோடும்தான் போட்டியிடுகிறது. அந்தப் போட்டியில் அது எளிதில் வெல்கிறது.

நம் கண் ஒரு பொருளைத் தனியே அளந்து பார்ப்பதில்லை. பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டையே கண்டுகொள்கிறது. சாம்பல் நிறக் கார் சாம்பல் நிறத் தார்ச்சாலையில் கரைந்துபோகிறது. வெயிலுக்குப் பழகிய கண்ணுக்கு, புளியமர நிழலில் வரும் கறுப்புக் கார் நிழலோடு நிழலாகிவிடுகிறது.

இதே விதியைத் தலைகீழாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பலைத் தாக்கப் போகும் விமானம், ஒளிமிக்க வானத்தின் பின்னணியில் கரும்புள்ளியாகத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்கக் கடற்படையினர் 1943-இல் தொடங்கிய ‘யெஹூதி’ திட்டத்தில் விமானத்தின் முன்புறம் விளக்குகளை வரிசையாகப் பொருத்தி, வானத்தின் ஒளிர்வுக்குச் சமமாக எரியவிட்டார்கள். விமானம் மிக அருகில் வரும்வரை கண்ணில் படவில்லை! விளக்கைப் போட்டு ஒளிந்துகொள்ளும் வித்தை இது. பின்னணிக்குச் சமமானால் விளக்கு மறைக்கும், மிஞ்சினால் காட்டும். கார் விளக்கு மிஞ்சுவதற்காக வைத்தது.

மிஞ்சவேண்டிய அவசியம் எங்கே? இருவழிச் சாலையில் ஒரு லாரியை முந்துகிறீர்கள். உங்கள் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். எதிரே வரும் காரின் வேகமும் அதுவே. இடைவெளி வினாடிக்கு 44 மீட்டர் வீதம் குறைகிறது. முந்தி முடிக்க 10 வினாடி ஆகுமென்றால், 444 மீட்டருக்கு அப்பால் இருக்கும் காரை நீங்கள் இப்போதே பார்த்தாகவேண்டும். அத்தொலைவில் அந்தக் காரின் அகலம், முழுநிலாவின் விட்டத்தில் பாதிகூட இராது. அதுவும் கானலில் நெளிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், முந்துவதா பின்தங்குவதா என்ற முடிவே மாறிவிடும்.

பகல் விளக்கு வடதேசங்களில் பிறந்ததும் தற்செயலன்று. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியனே தொடுவானத்திலிருந்து சுமார் 7 பாகை உயரம்தான் ஏறும். நீண்ட நிழல், நீண்ட அந்தி. சுவீடன் 1977-இல் எல்லா வாகனங்களும் பகலிலும் விளக்கு எரிக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. கனடா 1989 டிசம்பர் முதலும், ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி முதலும் புதிய கார்களில் பகல் விளக்கைக் கட்டாயமாக்கின. வெயில் மிகுந்த நாடுகளில் இதனால் கிடைக்கும் பலன் குறைவாகவே இருக்கும் என்பது என் கருத்து. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2008-இல் வெளியிட்ட ஆய்விலும், விபத்துகளின் மொத்தத்தில் திட்டவட்டமான குறைவு காணப்படவில்லை.

செலவு? பழைய ஹாலஜன் முன்விளக்கு ஒவ்வொன்றும் 55 வாட். பின்விளக்குகளையும் சேர்த்தால் சுமார் 150 வாட். இதற்கான மின்சாரமும் பெட்ரோலிலிருந்துதான் வரவேண்டும். எஞ்சினிலும் ஆல்டர்னேட்டரிலும் ஆகும் இழப்புகளைக் கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் பெட்ரோல் எரியும். ஒளி உமிழும் டையோடுகள், அதாவது எல்.இ.டி.க்கள், இரண்டு பகல் விளக்குகளுக்கும் சேர்த்து 15 வாட் அளவில் வேலையை முடித்துவிடுகின்றன. செலவு பத்தில் ஒரு பங்கு.

ஓர் ஆபத்தையும் சொல்லவேண்டும். பல கார்களில் பகல் விளக்கு எரியும்போது பின்விளக்கு எரிவதில்லை. பொழுது சாய்ந்த பிறகும் முன்னால் வெள்ளையாக ஒளிர்கிறது. உள்ளே வேகமானிப் பலகையும் பளபளக்கிறது. ஓட்டுநர் தன் காரில் எல்லா விளக்கும் எரிகின்றன என்று நம்பிக்கொண்டிருப்பார். பின்னால் வரும் லாரிக்காரருக்கோ முன்னால் இருப்பது வெறும் இருட்டு. உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இத்தகைய கார் இருந்தால், ஒரு மாலை எஞ்சினை ஓடவிட்டு, விளக்குச் சுவிட்சைத் தொடாமல் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சிவப்பு தெரியவில்லையென்றால், அந்தி மயங்கும்போதும் மழை பெய்யும்போதும் சுவிட்சைக் கையால் திருப்பித்தான் ஆகவேண்டும்.