எண்ணெய்ச் சட்டியிலிருந்து கல்லீரல் வரை

குழிந்த பெரிய கல்லில் தேங்கிய எண்ணெயில் பொரிந்து, ஓரமெல்லாம் சிவந்து, மொறுமொறுவென்று வரும் விருதுநகர் எண்ணெய் பரோட்டா. நொறுக்கிப் போட்டு சால்னா ஊற்றினால் மூன்று நான்கு உள்ளே போவதே தெரியாது. எண்ணெய் வியாபாரத்தில் பேர்போன இந்த ஊரில், எண்ணெயை விடுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் அது உடம்புக்குள் படுத்தும் பாட்டைத் தெரிந்துகொண்டு சாப்பிட வேண்டும்.

சிறுகுடலுக்குள் வந்த எண்ணெயைப் பித்தநீர் நுண்துளிகளாக உடைக்கிறது. கணையத்தின் லைபேஸ் நொதி அதைக் கொழுப்பு அமிலங்களாகப் பிரிக்கிறது. குடல் சுவரின் செல்கள் இவற்றை உறிஞ்சி, மறுபடி ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பாக்கி, கைலோமைக்ரான் என்ற துகள்களில் அடைத்து அனுப்புகின்றன. சர்க்கரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும். இந்தத் துகள்களோ நிணநீர்க் குழாயில் நெஞ்சுவரை ஏறி, இடது கழுத்தடியில் ரத்தத்தில் கலக்கும். சாப்பிட்டு மூன்று, நான்கு மணி நேரத்தில் ரத்தக் கொழுப்பு உச்சத்துக்குப் போகும். இரவு பத்து மணி பரோட்டாவுக்கு அது நடுச்சாமம். தசையெல்லாம் ஓய்வில் இருக்கும் நேரம். எரியாத கொழுப்பு உடம்பில் தங்கிவிடும். கூடவே வந்த மைதாவின் மிச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக்கிக்கொள்ளும். வருஷக்கணக்கில் இது தொடர்ந்தால் கொழுப்புக் கல்லீரலும் சர்க்கரை நோயும் சேர்ந்தே வரக்கூடும். சிவகாசிப் பக்கம் காலையிலிருந்து உட்கார்ந்த இடத்திலேயே தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் பெண்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை அதிகம். அவர்களுக்குக் கை ஓயாது, கால் அசையாது.

ஒரு நாளின் 2,000 கலோரி உணவில் எண்ணெய் 27 கிராம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அளவு நம் கையில் இருக்கிறது. கடை எண்ணெயின் தரத்துக்குச் சட்டம் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் போலார் சேர்மங்கள் என்ற சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. 2018 ஜூலை முதல் இதுதான் விதி. எண்ணெய், கொழுப்பில் ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இது 2022 முதல்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 40-ஆம் பிரிவில் இருக்கிறது. வாங்கிய பண்டத்தை நீங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். ஆனால் சோதிக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பண்டம் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்று அவரது அறிக்கை சொன்னால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், கறுத்து நுரைக்கும் எண்ணெயைப் படமெடுத்து, மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம்.

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு 150 மில்லிகிராமைத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் கணையமே வீங்கக்கூடும். மேல்வயிற்றில் பிடித்து முதுகுவரை பாயும் வலி வந்தால், வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளி பீஸ் ரேட்டில் வேலை பார்த்தாலும் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டுக்கு உரியவர். சிவகாசியிலேயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுபவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் எட்டுவதில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வாசலுக்கே மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் ஊழியரிடம் அவர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.