கம்பெனி வேலை: இனிப்பு எது, கசப்பு எது?

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் ராணிப்பேட்டைக்கோ ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ பஸ் ஏறத்தான் போகிறோம். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று இப்பவே தெரிந்துகொள்வது நல்லதுதானே?

பிடித்ததில் முதலாவது, தேதி தவறாத சம்பளம். டவுன்காரர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். எங்கள் ஜவ்வாது மலையில் சாமை விளைந்தால் காசு, பலா பழுத்தால் காசு. மற்ற மாதங்களில் மேஸ்திரி கூப்பிட்ட இடத்துக்குப் போகவேண்டியதுதான். 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களில் எங்கள் மலை ஆட்களும் இருந்தார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., போட்டோ ஒட்டிய அடையாள அட்டை என்றால் எங்கள் வீடுகளில் ஏன் அவ்வளவு மதிப்பு என்று இப்போது புரியும்.

அடுத்தது தொழில். ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிரித்துப் பிடிக்கும் இ.எஸ்.பி. கருவி செய்கிறார்கள். நம் கைபட்ட பொருள் எங்கோ ஒரு மின்நிலையத்தில் ஓடுகிறது என்பது சின்ன சந்தோஷமா?

ஓ.டி.யை எந்தப் பக்கம் சேர்ப்பது என்றே தெரியவில்லை! மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. விரும்பிப் பார்த்தால் இனிப்பு. "இன்னைக்கும் இருந்துட்டுப் போப்பா" என்று சூப்பர்வைசர் சொல்லி, மறுக்க வழியில்லாதபோது கசப்பு. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்க்கவே, மே 1-ல் வாபஸ் அறிவிப்பு வந்தது.

கசப்பு எல்லாம் சம்பளத்தைப் பற்றியது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தது விடுதிச் சாப்பாட்டுக்காக. அதைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2024-ல் சாம்சங் ஆலையில் 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்திலும் சம்பளத்தோடு, எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பதும் முக்கியக் கோரிக்கை. 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானது.

எல்லாவற்றிலும் பெரிய கசப்பு, ஒரே மெஷினில் இரண்டு ஜாதி: பெர்மனென்ட், கான்ட்ராக்ட். வேலை ஒன்று, சம்பளச் சீட்டு வேறு. டிப்ளமோக்காரன் பாடு இன்னும் வேடிக்கை. தொழிலாளிக்கு அவன் "சார்", இன்ஜினியருக்கு "தம்பி". அப்ரண்டிஸ் ஆகச் சேர்ந்தால் ஒரு வருடம் ஸ்டைபண்ட் உண்டு. முடிந்தபின் வேலை தந்தே ஆகவேண்டும் என்று கம்பெனிக்குக் கட்டாயம் இல்லை.

எனவே இன்டர்வியூவில் "சம்பளம் எவ்வளவு சார்?" என்பதோடு நிற்காதீர்கள். சம்பளச் சீட்டு கம்பெனி பெயரிலா, கான்ட்ராக்டர் பெயரிலா? விடுதியை நடத்துவது யார்? ஓ.டி. கட்டாயமா? இதையும் கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. அப்படிப் பயப்படுகிறவர்கள், அங்கே ஏற்கெனவே சேர்ந்த நம் சீனியர் அண்ணன்கள், அக்காக்கள் லீவில் ஊருக்கு வரும்போது பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம்.