பல் சக்கரத்தில் ஏறும் கிரேக்க ரயில்
மலை உச்சியில் 2-34க்கு நின்றுபோன கடிகாரம்

கிரேக்க நாட்டின் தலைநகரான ஏதென்ஸுக்கு வரும் உல்லாசப் பயணிகளில் பலர் ஒரு நாளை மலை ரயிலுக்கென்று ஒதுக்குகிறார்கள். அதிகாலையில் பஸ்ஸில் கிளம்பி, கொரிந்து கால்வாயைத் தாண்டி, கடலோரமாகவே போனால் தியாகோப்தோ என்ற சிற்றூர் வரும். எலுமிச்சையும் ஆரஞ்சும் விளையும் ஊர். சின்ன ரயில் புறப்படுவது இங்கேதான். போய்ச் சேரும் இடம் கலாவ்ரிதா. தூரம் 22 கிலோ மீட்டர். பயண நேரம் சுமார் ஒரு மணி. அதற்குள் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது.

தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் வெறும் 750 மில்லி மீட்டர். மீட்டர் கேஜைவிடக் குறுகலானது. கிரேக்கர்கள் இந்த ரயிலை ‘ஒடோண்டோடோஸ்’ என்று அழைக்கிறார்கள். ‘பல் உள்ளது’ என்று பொருள்.

ஊட்டி ரயிலின் உறவு

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போனவர்களுக்கு இந்தப் பல் புதிதல்ல. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கும். வண்டியின் அடியில் உள்ள பல் சக்கரம் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ஏறும். இறங்கும்போது வண்டி நழுவாமல் காப்பதும் அதுவே. சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் ரோமன் ஆப்ட் கண்ட முறை இது. கிரேக்கப் பாதை 1896-ல் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-ல் வந்தது. இரண்டிலும் ஆப்ட் முறைதான்.

நீலகிரியில் 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம். இங்கே சில இடங்களில் ஏறக்குறைய 6 அடிக்கே ஓர் அடி! ஆனால் வழி நெடுகப் பல் பட்டை கிடையாது. மூன்று இடங்களில், மொத்தம் 4 கிலோ மீட்டருக்கும் குறைவாகவே இருக்கிறது. சமதளத்தில் 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, பல் பட்டை வந்ததும் 12 கிலோ மீட்டருக்கு இறங்கிவிடும்.

ஆரம்பத்தில் ஓடியவை நீராவி எஞ்சின்கள். இப்போது ஓடுபவை டீசல் வண்டிகள். பழைய எஞ்சின் ஒன்றைத் தியாகோப்தோ நிலையத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆறும் குகையும்

வண்டி கிளம்பிய சிறிது நேரத்தில் இருபுறமும் செங்குத்தான பாறைகள் நெருங்கி வருகின்றன. கீழே வுராய்கோஸ் ஆறு இரைந்து ஓடுகிறது. ஆற்றைப் பாலங்களில் மாறி மாறிக் கடந்தும், சுரங்கங்களில் நுழைந்து வெளிவந்தும் ரயில் வளைந்து செல்கிறது. சில இடங்களில் கையை நீட்டினால் பாறையைத் தொட்டுவிடலாம் போலிருக்கும்.

பாதி வழியில் ஸாக்லோரு நிலையம். மரநிழலில் சிறிய உணவு விடுதிகள் உண்டு. இங்கிருந்து மலைமேல் நடந்தால் மெகா ஸ்பிலியோ மடாலயம். ‘பெரிய குகை’ என்பது பெயரின் பொருள். பிரம்மாண்டமான பாறைச் சுவரில் ஒட்டவைத்தது போல் எட்டு அடுக்குக் கட்டடம் நிற்கிறது.

பள்ளிக்கூடத்தில் அடைபட்டவர்கள்

கலாவ்ரிதாவில் இறங்கியதும் குளிர்காற்று வீசுகிறது. கடைகளில் தேனும் பாலாடைக் கட்டியும் விற்கிறார்கள். பயணிகள் புகைப்படம் எடுக்கிறார்கள். ஆனால் வழிகாட்டிகள் கூட்டத்தை முதலில் அழைத்துச் செல்வது மாதா கோயிலின் முன்னால். இரட்டைக் கோபுரங்களில் ஒன்றில் உள்ள கடிகாரம் எப்போதும் 2-34 காட்டுகிறது. அது பழுதானதல்ல. வேண்டுமென்றே அப்படி விடப்பட்டிருக்கிறது.

இரண்டாவது உலகப்போரில் கிரேக்கம் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. மலைகளில் ஒளிந்து போராடிய கெரில்லாக்கள் 1943-ல் ஜெர்மன் சிப்பாய்களைச் சிறைபிடித்தார்கள், பிறகு கொன்றார்கள். அதற்குப் பழிவாங்க ஜெர்மன் ராணுவம் கிளம்பியது. மெகா ஸ்பிலியோவில் துறவிகளும் தப்பவில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 13-ம் தேதி கலாவ்ரிதா மக்கள் அனைவரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே அடைத்தார்கள். ஆண்களையும் வளர்ந்த பையன்களையும் ஊருக்கு மேலே உள்ள கப்பி மேட்டுக்கு நடத்திச் சென்றார்கள். கீழே வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. பிறகு இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. மாண்டவர்கள் சுமார் 500 பேர். பிணங்களுக்கு அடியில் கிடந்து பிழைத்தவர்கள் 13 பேர்.

தீ சூழ்ந்த பள்ளியிலிருந்து வெளியே வந்த பெண்கள் மேட்டுக்கு ஓடினார்கள். கணவனையும் மகனையும் தேடி எடுத்து, போர்வையில் கிடத்தி இழுத்து வந்து, உறைந்த மண்ணைத் தோண்டிப் புதைத்தவர்கள் அவர்களே. உதவிக்கு ஆண் துணை இல்லை. கூரையும் இல்லை, நடுப் பனிக்காலம் வேறு. சாம்பலான ஊரில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியதும் அந்தத் தாய்மார்கள்தான்.

அந்தப் பள்ளிக்கூடம் இன்று ஒரு கண்காட்சிச் சாலை. மேட்டில் வெள்ளைச் சிலுவை ஒன்று ஊருக்கே தெரியும்படி நிற்கிறது. 2000-ல் இங்கு வந்த ஜெர்மன் ஜனாதிபதி யோஹன்னஸ் ராவ், நடந்ததற்காகத் துக்கமும் வெட்கமும் தெரிவித்தார்.

மாலையில் ரயில் மலை இறங்குகிறது. காலையில் பார்த்த அதே பாறைகள், அதே ஆறு. ஏறும்போது ஆரவாரமாக இருந்த பெட்டியில் இறங்கும்போது பேச்சு குறைந்துவிடுகிறது. இயற்கை அழகைப் பார்க்க வந்தவர்கள், அதைவிட அழுத்தமாக ஒரு கடிகாரத்தை மனதில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.