பேக்கப் இருக்கு, சரி. திரும்பி வருமா?

முதல்ல ஒரு கற்பனை. ஜவ்வாது மலை அடிவாரம், படவேடு. அங்க ஒரு வாழைக்காய் மண்டி. எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி தரணும்ங்கிற கணக்கு முழுக்க மரியாடிபி டேட்டாபேஸ்ல. தினமும் ராத்திரி சர்வர் தானாவே பேக்கப் எடுத்து வைக்குது. ஒருநாள் சர்வர் படுத்துருச்சு. மண்டியில இருக்கிற பழைய கம்ப்யூட்டர்ல அந்த பேக்கப்பை ஏத்துறாங்க. முதல் வரியிலேயே எரர்: 'இந்தக் கட்டளை தெரியாது.'

மண்டி கற்பனை. எரர் நிஜம். 2024 மே மாசம் மரியாடிபியில ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. அதுக்கப்புறம்தான் இது ஆரம்பிச்சது.

ஏன் இப்படி? 'டம்ப்'னு சொல்ற பேக்கப், ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். இந்த டேபிளை உருவாக்கு, இந்தத் தகவலைச் சேர்னு வரிசையா கட்டளைகள் இருக்கும். 'கிளையன்ட்'ங்கிற மென்பொருள் அதை வரிவரியா படிச்சு டேட்டாபேஸுக்கு அனுப்பும். சிக்கல் என்னன்னா, உங்க கம்ப்யூட்டரையே இயக்குற சில கட்டளைகளும் அந்தக் கிளையன்ட்டுக்குத் தெரியும். டம்புக்குள்ள யாராவது அப்படி ஒண்ணைச் செருகிட்டா, ரீஸ்டோர் பண்ற மெஷின் அவங்க கையில.

இதைத் தடுக்க, டம்போட முதல் வரியா 'சாண்ட்பாக்ஸ்' கட்டளையைச் சேர்த்தாங்க. அதைப் பார்த்ததும் கிளையன்ட் அந்த ஆபத்தான கட்டளைகளுக்குக் கதவைச் சாத்திடும். நல்ல யோசனைதான். ஆனா பழைய கிளையன்ட்டுக்கு அந்த வரியே புரியல, அங்கேயே நின்னுடுச்சு.

டேட்டா எங்கேயும் போகல. கிளையன்ட்டை அப்டேட் பண்ணா சரியாயிடும். ஃபைல் நீங்களே எடுத்ததுதான்னு உறுதியா தெரிஞ்சா, முதல் வரியை மட்டும் நீக்கிட்டும் ஏத்தலாம். ஆனா ராத்திரி 2 மணிக்கு, எல்லாரும் போன் பண்ணிட்டு இருக்கும்போது இது யாருக்குத் தோணும்?

2025 ஆகஸ்ட்ல போஸ்ட்கிரெஸ் டம்புலயும் இதே மாதிரி காரணத்துக்காக ஒரு புது வரி வந்தது. அங்கயும் பழைய கிளையன்ட்டுகளுக்கு அது புரியல.

கவனிங்க, ரெண்டு தடவையும் பேக்கப் எடுக்கிறதுல எரரே வரல. அதனால 'பேக்கப் வெற்றி'ன்னு வர்ற மெசேஜை மட்டும் நம்பாதீங்க. மாசம் ஒரு தடவை, அவசரத்துக்கு எந்த மெஷினை நம்பியிருக்கீங்களோ அதுலயே, ஒரு காலி டேட்டாபேஸ்ல ஏத்திப் பாருங்க. அப்டேட் போட்ட அன்னைக்கும் ஒரு தடவை. திரும்பி வந்தாதான் அது பேக்கப்.