எடிட்டர் மாறினால் கண் தடுமாறும்!

பத்து விரலால் டைப் அடித்துப் பழகியவரிடம், சாவிகள் இடம் மாறிய மெஷினைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் பலருக்கு 2022-ம் ஆண்டில் அப்படி ஒரு சங்கடம் வந்தது. இடம் மாறியது எழுத்து அல்ல, நிறம்!

புரோகிராம் எழுதுவதற்கென்று தனி மென்பொருள் உண்டு. "எடிட்டர்" என்பார்கள். பெங்களூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர், நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பது அதன் முகத்தைத்தான்.

"ஆட்டம்" என்று ஓர் எடிட்டர். கிட்ஹப் நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. காசு கிடையாது. 2018-ல் கிட்ஹப்பை மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கியது. மைக்ரோசாப்டுக்கோ, 2015-ல் பிறந்த "விஷுவல் ஸ்டூடியோ கோட்" என்ற சொந்தப் பிள்ளை இருந்தது. வந்த பிள்ளையின் கதி என்ன ஆகும்? ஆறு மாதம் முன்பே அறிவித்துவிட்டு, 2022 டிசம்பர் 15-ந் தேதியோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

பலர் புதிய எடிட்டருக்கு மாறினார்கள். அங்கேதான் தகராறு.

பச்சை எது?

எடிட்டர், புரோகிராமைப் பல நிறங்களில் காட்டும். கட்டளைச் சொல் ஒரு நிறம். மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாசகம் ஒரு நிறம். "கமெண்ட்" எனப்படும் குறிப்பு இன்னொரு நிறம். குறிப்பைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. அது அடுத்து வரும் ஆளுக்காக எழுதி வைப்பது.

இது அலங்காரம் அல்ல. மேற்கோள் குறியை மூட மறந்தால், அந்த வரியில் பின்னால் உள்ளவையும் வாசகத்தின் நிறத்துக்கு மாறிவிடும். தவறு உடனே கண்ணில் படும்.

ஆட்டத்தின் "ஒன் டார்க்" என்ற நிறத்தொகுப்பில் வாசகம் பச்சை, குறிப்பு சாம்பல். புதிய எடிட்டர் அப்போது தானாகக் காட்டிய கறுப்புத் தொகுப்பிலோ, குறிப்புதான் பச்சை! பல வருடம் பழகிய கண், கம்ப்யூட்டர் தொடாத வரிகளில் போய் நின்றது. இரவுக்குள் வேலையை முடித்துத் தரவேண்டியவருக்கு இது சின்னத் தொல்லை அல்ல.

பழைய நிறம் வேண்டுமா?

வழி இருக்கிறது. கண்ட்ரோல் சாவியை அழுத்தியபடியே முதலில் கே, அடுத்து டி. தொகுப்புகளின் பட்டியல் வரும். அம்புக்குறிச் சாவியால் நகர்ந்தால், ஜவுளிக்கடையில் சேலையை விரித்துப் போடுவது மாதிரி, திரை ஒவ்வொன்றாக மாறிக் காட்டும். ஒன் டார்க்கைப் பார்த்து மற்றவர்கள் செய்த தொகுப்புகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் பச்சை பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஆனால் ஒன் டார்க்கிலும் ஒரு குறை. குறிப்பின் சாம்பல் நிறம் மிகவும் மங்கல். வேலையை விட்டுப் போன ஒருவர், "இந்த வரியைத் தொடவேண்டாம்" என்று எழுதி வைத்திருப்பார். அதுவா மங்கலாக இருக்க வேண்டும்?

அதை மட்டும் தனியே மாற்றலாம். செட்டிங்ஸ் கோப்பில் எழுத்தின் நிறத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. அதில் "கமெண்ட்ஸ்" என்று எழுதி, எதிரே ஆறு இலக்கக் குறியீடு ஒன்றைப் போடவேண்டும். முதல் இரண்டு இலக்கம் சிவப்பு, நடு இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம். ஒவ்வொன்றிலும் 256 அளவுகள். பெருக்கிப் பார்த்தால் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்கள்!

(இத்தனை இருக்கிறதே என்று, வேலையை விட்டுவிட்டு நிறம் பார்த்தே பொழுதைப் போக்குகிறவர்களும் உண்டு.)

சேமித்தவுடன் நிறம் மாறிவிடும். அந்தக் கோப்பை நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நாளை வேறு கம்ப்யூட்டர் கொடுத்தால், தொகுப்பைச் சேர்த்து, இந்தக் கோப்பையும் போட்டால் போதும்.