கல்யாணத்துக்குப் பிறகு ஒரு போட்டோ

நைனார்பாளையம் பக்கம் பழைய வீடுகளில் தாத்தா பாட்டி சேர்ந்து இருக்கும் படம் பெரும்பாலும் ஒன்றுதான். அது கல்யாணத்தன்று எடுத்ததாக இருக்காது. கொஞ்ச நாள் கழித்து சின்னசேலமோ கள்ளக்குறிச்சியோ போய் ஸ்டூடியோவில் எடுத்திருப்பாங்க. தாத்தா நாற்காலியில், பாட்டி பக்கத்தில் நின்றபடி. சிரிப்பெல்லாம் கிடையாது. அடுத்த படம் பிள்ளைக்கு மொட்டை போடும்போதுதான். இருவரில் ஒருவர் போய்விட்டால், அதே ஜோடிப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கி மாலை போடுவாங்க.

இப்படிப்பட்ட ஸ்டூடியோ படங்களைத்தான், 1880 முதல் 1980 வரையிலானவற்றை, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியுடன் டிஜிட்டலில் பதிந்து வைத்தது.

விசித்திரம் என்னன்னா, தாத்தா படம் தெளிவாக இருக்கும், அப்பா அம்மாவின் கலர் படம் சிவந்து போயிருக்கும். கருப்பு வெள்ளையில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது. நன்றாகக் கழுவிய பிரிண்ட் நூறு வருஷம் தாங்கும். கலர் பிரிண்டில் இருப்பது மூன்று சாயங்கள். அன்றைய தாள்களில் பீரோ இருட்டிலும் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுக்கும், மிஞ்சுவது சிவப்பு.

அதனால் ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால் 1980, 90களின் கலர் ஆல்பத்தை முதலில் எடுங்க. பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரை, சில சமயம் தேதிகூட, அங்கேதான் இருக்கும்.