பனிப் பலகையின் அடிவயிறு

முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்டவரின் காலுக்குள், இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொண்ட பாலிஎத்திலீன் அது. 1962-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்காக அதைத் தேர்ந்தெடுத்தார். நன்றாக வழுக்கும், எளிதில் தேயாது, தண்ணீர் குடிக்காது. இதே மூன்று குணங்களுக்காக அந்தப் பிளாஸ்டிக்கைப் பனியில் சறுக்கும் பலகைகளின் அடியிலும் ஒட்டுகிறார்கள்.

அந்தப் பலகைகளில் ஒன்று ஸ்னோஸ்கேட். சக்கரம் கழற்றிய ஸ்கேட்போர்டு போன்றது. காலைப் பிணைக்கும் வார் எதுவும் கிடையாது. ஒரு வகையில் ஒரே பலகைதான். அதன் அடியில் நேராக ஓட உதவும் நீளவாக்குக் காடிகள் வெட்டப்பட்டிருக்கும். இன்னொரு வகையில் மேலே பலகை, கீழே இரும்பு விளிம்புள்ள குட்டிப் பனிச்சறுக்குக் கட்டை. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியிலும் கான்கிரீட் திண்டிலும் ஏறி விளையாடுவதால், மலைச்சரிவில் மட்டும் ஓடும் பலகையைவிட இதன் அடிப்பாகம் அதிகம் அடிபடும். பெரும்பாலான காயங்களை வீட்டிலேயே ஆற்றிவிடலாம். எந்தக் காயம் எதைக் கெடுக்கிறது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பலகை எப்படி வழுக்குகிறது? சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோக் மலைமுகட்டில் சோதனைகள் செய்த பவுடனும் ஹியூஸும் 1939-இல் ஒரு விடை சொன்னார்கள்: உராய்வின் வெப்பம் பனியின் மேற்பரப்பைச் சிறிது உருக்குகிறது, அந்த மெல்லிய நீர்ப்படலம்தான் எண்ணெய்போல் வேலை செய்கிறது. பனிக்கட்டியின் மேல் அடுக்கு மூலக்கூறுகள் இயல்பிலேயே தளர்வாக அசைவதும் இதற்கு உதவுகிறது என்று பின்னாளைய ஆய்வுகள் சேர்த்துக்கொண்டன. நீர் குறைந்தால் உராய்வு கூடும். நீர் மிகுந்தால் பலகையைப் பனியோடு இழுத்து ஒட்டவைக்கும். கடுங்குளிர்ப் பனியிலும் சொதசொதப்பான பனியிலும் பலகை மந்தமாவதன் காரணம் இதுதான்.

இனி காயங்களுக்கு வருவோம். ஓடும் திசையிலேயே விழுந்த மெல்லிய கீறல்கள் அவ்வளவாகக் கெடுதல் செய்வதில்லை; அவற்றைத் தொடாமல் விட்டுவிடலாம். குறுக்காக விழுந்த வெட்டு வேகத்தைப் பிடித்து நிறுத்தும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, பிளாஸ்டிக்குக்கு உள்ளே இருக்கும் மரம் தெரியும் பள்ளம். அதன்வழி உருகிய நீர் உள்ளே போகும், மரம் ஊதும், ஒட்டிய அடுக்குகள் பிரியும். வேகம் போனால் மீட்கலாம். உப்பிப் பிரிந்த பலகையை மீட்பது கடினம். என்னைக் கேட்டால், கீறல்களை எண்ணுவதை விட்டுவிட்டு முதலில் மரத்தைத் தேடுங்கள்.

மரம் தெரியாத பள்ளத்துக்குப் பிளாஸ்டிக் குச்சி விற்கிறார்கள். அதை மெழுகுவத்திபோல் கொளுத்தி, சொட்டுகளைப் பள்ளத்தில் விடவேண்டும். முதலில் அழுக்கையும் பழைய மெழுகையும் துடைத்து, துருத்தி நிற்கும் இழைகளைக் கூரான கத்தியால் சீவுங்கள். குச்சியை மேற்பரப்புக்கு மிக அருகில், சுடர் சிறிதாக இருக்கும்படி பிடியுங்கள். உயர்த்தினால் சுடர் மஞ்சளாகி, சொட்டோடு கரியும் விழும். கரி கலந்த ஒட்டு பிடிக்காமல் பெயர்ந்துவிடும். பள்ளத்தைச் சற்று மேடாகவே நிரப்பி, நன்றாக ஆறியபின் இரும்புச் சுரண்டியால் மட்டமாகச் செதுக்குங்கள். எரியும் பிளாஸ்டிக் தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும். கையுறை அவசியம், சன்னல் திறந்திருக்கட்டும்.

இந்தக் குச்சி அடித்தளத்தின் அதே பொருள் அல்ல. மூலப் பிளாஸ்டிக்கின் சங்கிலிகள் மிக நீளமானவை, ஒன்றோடொன்று சிக்கிக்கிடப்பவை; சூடாக்கினாலும் அது சொட்டாது. சொட்டவேண்டும் என்பதற்காகவே குச்சியைக் குட்டையான சங்கிலிகளால் செய்கிறார்கள். எனவே ஒட்டுப்போட்ட இடம் சற்று மென்மையாக இருக்கும், சீக்கிரம் தேயும், மெழுகையும் குறைவாகவே ஏற்கும். அதற்காக வருந்த வேண்டாம். அடுத்த பருவத்தில் மறுபடி நிரப்பினால் போயிற்று.

மரம் தெரிந்தால் குச்சி உதவாது. பாலிஎத்திலீனில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. வேறு பொருளைப் பற்றிக்கொள்ள அதனிடம் பிடிப்பு இல்லை. மரத்தை முழுமையாக உலரவிட்டு, எபாக்ஸிப் பசையால் நிரப்பி, இறுகியபின் உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்குங்கள். அந்த இடம் நன்றாக வழுக்காது, ஆனால் தண்ணீர் புகாது.

மெழுகிடுவது இதைவிட இன்பமான வேலை. உயர்தர அடித்தளங்கள், பொடியை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கிச் செய்யப்படுபவை. மூலக்கூறுகள் ஒழுங்கற்றுக் கிடக்கும் பகுதிகளுக்குள் உருகிய மெழுகு ஊறும். உருக்கிப் பிதுக்கிச் செய்த மலிவு அடித்தளம் அவ்வளவு ஏற்காது. பாலிஎத்திலீன் உருகுவது சுமார் 130 டிகிரி செல்சியஸில். மெழுகிடும் இஸ்திரிப் பெட்டியோ 120 டிகிரிக்கு அருகில் இருக்கும். இடைவெளி அவ்வளவு குறுகியது என்பதால் பெட்டியை ஓரிடத்திலும் நிறுத்தக் கூடாது. மெழுகு புகைந்தால் சூடு அதிகம் என்று பொருள். துணிக்கான பெட்டியில் பருத்தி அளவு 200 டிகிரியைத் தொடும். அதை இங்கே கொண்டுவராதீர்கள். ஆறியபின் பிளாஸ்டிக் சுரண்டியால் மூக்கிலிருந்து வால்வரை வழித்து, நைலான் பிரஷால் தேயுங்கள். காடிகளுக்குள் தங்கிய மெழுகையும் எடுத்துவிட வேண்டும். காடி அடைந்தால் பலகை நேராக ஓடாது.

குளிர் மிகுந்த பனியின் படிகங்கள் கூர்மையானவை, மெழுகுக்குள் குத்தி நிற்பவை. அதற்குக் கடின மெழுகு வேண்டும். ஈரப்பனிக்கு நீரை விலக்கும் மென்மெழுகு போதும். ஃப்ளோரின் கலந்த மெழுகுகள் நீரை அபாரமாக விலக்கும், ஆனால் அந்தச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் மனித இரத்தத்திலும் சிதையாமல் தங்கிவிடுகின்றன. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் அவற்றைத் தடை செய்துவிட்டது. பூங்காவில் விளையாடும் பிள்ளைக்கு அவை தேவையே இல்லை.

குளிர்காலம் முடிந்ததும் தடிப்பாக ஒரு பூச்சு மெழுகிட்டு, வழிக்காமல் அப்படியே எடுத்துவையுங்கள். அடுத்த முதல் பனி விழும்போது வழித்துக்கொள்ளலாம்.